தொப்பி செய்தவர்களின் நடுக்கம்

பள்ளியில் ஆங்கில இரண்டாம் தாளுக்காக உவமைப் பட்டியலை மனப்பாடம் செய்தவர்கள் நம்மில் நிறையப் பேர். தேனீயைப் போலச் சுறுசுறுப்பு, நரியைப் போலத் தந்திரம், பனியைப் போல வெண்மை என்று வரிசையாகப் போகும். எதற்கும் விளக்கம் தேவைப்படாது. நடுவில் ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்: ‘ஆஸ் மேட் ஆஸ் எ ஹேட்டர்’. தொப்பிக்காரரைப் போலப் பைத்தியம். தொப்பி செய்கிறவருக்கும் பைத்தியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் வகுப்பில் யாரும் கேட்கவில்லை. கோடிட்ட இடத்தை நிரப்பத் தெரிந்தால் மதிப்பெண் வந்துவிடும்.

இன்று கைபேசியில் தேடினால் உடனே பதில் வருகிறது. தொப்பி செய்யப் பாதரசம் பயன்படுத்தினார்கள், அதன் ஆவி மூளையைத் தாக்கியது, தொழிலாளிகளுக்குப் பைத்தியம் பிடித்தது, அதிலிருந்து இந்த உவமை வந்தது. நாலே வரி. வாட்ஸாப்பில் சுற்றும் ‘உங்களுக்குத் தெரியுமா?’ வகைத் துணுக்குகளுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற கதை.

தொழில்சார் நோய்களைப் பற்றிக் கொஞ்ச காலமாகப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க இந்த நாலு வரி என்னை உறுத்தத் தொடங்கியது. பாதரசம் உண்மை, நோயும் உண்மை. உவமைக்கும் நோய்க்கும் நடுவே போட்ட முடிச்சுதான் நாம் நினைக்கிற அளவு இறுக்கமானது இல்லை. அதைவிட முக்கியமாக, அந்த நோய் வந்தவர்கள் இந்த உவமை காட்டுகிற மாதிரி இருக்கவே இல்லை. அவர்களுக்கு நேர்ந்தது வேறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் உவமையின் வயதைப் பார்த்துவிடலாம். பலரும் இது லூயிஸ் கரோல் 1865-ல் எழுதிய ‘ஆலிஸ்’ கதையிலிருந்து வந்ததாக நினைக்கிறார்கள். இல்லை. 1829-லேயே எடின்பரோவிலிருந்து வந்த ‘பிளாக்வுட்ஸ்’ இதழில், நண்பர்கள் கூடிப் பேசுவதாக எழுதப்பட்ட ஒரு தொடரில் இது வருகிறது. ஒருவன் உளறுகிறான் என்கிறார் ஒருவர், புத்தி பேதலித்துவிட்டது என்கிறார் இன்னொருவர், தொப்பிக்காரரைப் போலப் பைத்தியம் என்று மூன்றாமவர் சொல்லிவிட்டு, அதே மூச்சில் சுருட்டு கேட்கிறார். விளக்கமே இல்லை. வாசகருக்கு ஏற்கெனவே பழகிய தொடராக இருந்திருக்க வேண்டும். அடுத்து 1830-களில், கனடாவின் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த தாமஸ் ஹாலிபர்ட்டன் என்ற நீதிபதி எழுதிய நகைச்சுவைக் கதைகளில் வருகிறது. அங்கே ஒரு பெண் கோபத்தோடு அறையை விட்டு வெளியேறுவதற்கு இந்த உவமை. அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் ‘மேட்’ என்றால் கோபம் என்றும் பொருள் உண்டு. ஆக, ஆரம்ப நாட்களிலேயே இது ஒரே பொருளில் நிற்கவில்லை.

கரோலின் கதையில் ‘மேட் ஹேட்டர்’ என்ற பெயரே கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெறும் ‘ஹேட்டர்’தான். அத்தியாயத்தின் தலைப்புதான் ‘பைத்தியக்காரத் தேநீர் விருந்து’. இரண்டையும் சேர்த்து அந்தப் பெயரை வைத்தவர்கள் வாசகர்கள்.

பாதரசம் தவிர வேறு பூர்வீகக் கதைகளும் உண்டு. இங்கிலாந்தில் சேஷம் என்ற ஊரில் ரோஜர் கிராப் என்று ஒரு தொப்பி வியாபாரி இருந்தார். உள்நாட்டுப் போரில் தலையில் வெட்டுப்பட்டவர். பிறகு சொத்தையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, இலைதழைகளைத் தின்று துறவியாக வாழ்ந்தார். இவர்தான் மூலம் என்பார்கள் சிலர். அவர் இறந்தது 1680-ல். உவமை அச்சில் வருவது ஏறக்குறைய 150 வருடம் கழித்து. அவ்வளவு காலம் அது எங்கே ஒளிந்திருந்தது? ‘ஹேட்டர்’ என்பது நச்சுப்பாம்பைக் குறிக்கும் ‘ஆடர்’ என்பதன் மருவு என்பது இன்னொரு ஊகம். ஆக்ஸ்ஃபோர்டில் எப்போதும் உயரத் தொப்பியோடு நின்ற தியோபிலஸ் கார்ட்டர் என்ற மேசை நாற்காலி வியாபாரியைப் பார்த்துத்தான் அந்தப் பாத்திரம் வந்தது என்பது மூன்றாவது. அது உண்மையாகவே இருந்தாலும் கதைப் பாத்திரத்தைத்தான் விளக்கும், அதற்கு முப்பத்தாறு வருடம் மூத்த உவமையை விளக்காது. இவற்றோடு ஒப்பிட்டால் பாதரசக் கதைக்குத்தான் கொஞ்சமாவது கால் ஊன்ற இடம் இருக்கிறது. அதையும் நிரூபிக்கப்பட்டது என்று சொல்ல மாட்டேன், நம்பத்தக்கது என்று மட்டும் சொல்வேன்.

சரி, தொப்பிக்குள் பாதரசம் எப்படிப் போனது?

அந்தத் தொப்பிகள் ஃபெல்ட்டால் ஆனவை. ஃபெல்ட்டில் நெசவு கிடையாது, தறி கிடையாது, நூல்கூடக் கிடையாது. விலங்கு ரோமத்தின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் கொடுத்துக் கசக்கினால் அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். எண்ணெய் காணாத தலைமுடி சடை பிடித்துக்கொண்டால் பிரிக்க முடியாமல் போகிறதே, அப்படி. ஒருமுறை கோத்துக்கொண்டால் பிறகு துணியைப் போல வெட்டலாம், அச்சில் வைத்து எந்த வடிவத்துக்கும் இழுக்கலாம், மழைக்கும் தாங்கும்.

இதற்கு மிகச் சிறந்த ரோமம் பீவர் என்ற நீர்வாழ் கொறிணியின் அடிரோமம். இயற்கையிலேயே அதில் கொக்கிகள் அதிகம், தானாகவே கோத்துக்கொள்ளும். ஐரோப்பாவில் பீவரை வேட்டையாடி ஏறக்குறையத் தீர்த்துவிட்டார்கள். அப்புறம் வட அமெரிக்காவுக்குப் போனார்கள். 1670-ல் தொடங்கிய ஹட்சன் விரிகுடா கம்பெனியின் பெரும் வியாபாரமே இந்தத் தோல்தான். ஒரு கண்டத்தின் காடுகளுக்குள் வணிகக் கோட்டைகள் எழுந்ததற்கு லண்டன், பாரிஸ் கனவான்களின் தலையில் உட்கார்ந்த தொப்பி ஒரு முக்கியக் காரணம். ஆனால் பீவர் தோல் விலை அதிகம். மலிவான மாற்று முயல் ரோமம். முயல் ரோமத்திலோ சிக்கல்: வழவழவென்று நேராக இருக்கும், கோத்துக்கொள்ளாது.

இங்கேதான் பாதரசம் வருகிறது. நைட்ரிக் அமிலத்தில் பாதரசத்தைக் கரைத்து, அந்தக் கரைசலை முயல் தோலின் ரோமப் பக்கத்தில் தூரிகையால் தேய்ப்பார்கள். ரோமத்தின் கெரட்டின் புரதத்தில் கந்தகப் பிணைப்புகள் உண்டு. கந்தகம் என்றால் பாதரசம் விடாது. பிணைப்புகள் குலைந்து, செதில்கள் நிமிர்ந்து, ரோமத்தின் நுனி சுருண்டுகொள்ளும். இப்போது முயல் ரோமமும் பீவர் போலவே கோத்துக்கொள்ளும். கரைசல் பூசிய தோலைச் சூடான அறையில் உலர்த்தும்போது ரோமத்தின் நுனி ஆரஞ்சு நிறமாக மாறும். அதனால் இந்த வேலைக்கே ‘கேரட்டிங்’ என்று பெயர். ஃபிரெஞ்சுக்காரர்கள் இதை ‘ரகசியம்’ என்ற பொருள்படும் சொல்லால் அழைத்தார்கள். தொழில் ரகசியமாகத்தான் காத்துவந்தார்கள். 1685-ல் ஃபிரான்சில் புராட்டஸ்டண்டுகளுக்கு இருந்த பாதுகாப்பை மன்னர் பதினான்காம் லூயி ரத்து செய்தபோது, ஊரை விட்டு ஓடிய, ஹ்யூகனாட் எனப்பட்ட அந்தப் புராட்டஸ்டண்ட் கைவினைஞர்களோடு இந்த ரகசியமும் இங்கிலாந்துக்குப் போனது என்பது தொழிலில் சொல்லப்பட்டு வரும் வரலாறு.

தோலில் தேய்ப்பதோடு பாதரசத்தின் வேலை முடிந்துவிட்டிருந்தால் கேரட்டிங் செய்கிற சிலருக்கு மட்டும்தான் ஆபத்து. அப்படி முடியவில்லை. ரோமத்தில் ஏறிய பாதரசம் தொப்பி முடியும்வரை கூடவே வந்தது. உலர்த்தும் அறையில் ஆவியானது. ரோமத்தை வெட்டி, ஊதிப் பிரிக்கும் இடத்தில் தூசியாகப் பறந்தது. துளையிட்ட செப்புக் கூம்பின் மேல் ரோமத்தைப் படியவிட்டு வெந்நீர் தெளிப்பார்கள். தலையைப் போல இரண்டு மூன்று மடங்கு பெரிய, தொட்டால் பிய்ந்துவிடும் போன்ற ஒரு கூம்பு கிடைக்கும். அதைச் சுருக்கி இறுக்குவதுதான் கடினமான வேலை. கொதிக்கும் தொட்டியைச் சுற்றி ஆட்கள் நின்று, கூம்பை முக்கி எடுத்து, உருட்டி, பிழிந்து, திரும்ப முக்கி, மணிக்கணக்கில் வெறுங்கையால் கசக்குவார்கள். தொட்டியிலிருந்து எழும் ஆவி நேராக முகத்தில் அடிக்கும். பிறகு மர அச்சில் ஏற்றி மறுபடி நீராவி, சூடான இஸ்திரி. கடைசியில் உப்புக்காகிதத்தால் தேய்த்து மெருகேற்றும்போது மறுபடி தூசி. குளிர்நாடு, பனிக்காலத்தில் ஜன்னலைத் திறக்க மாட்டார்கள்.

பள்ளி ஆய்வகத்தில் உடைந்த வெப்பமானியிலிருந்து சிதறிய பாதரச மணிகளை விரலால் துரத்தி விளையாடியவர்கள் இதைப் படிப்பவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். நானும் விளையாடியிருக்கிறேன். அது விரலில் ஒட்டாது, இரண்டு மணிகள் நெருங்கினால் சட்டென்று ஒன்றாகிவிடும், அத்தனை அழகு. திரவமாக வயிற்றுக்குள் போனாலும் பெரும்பகுதி அப்படியே வெளியேறிவிடும். ஆனால் சாதாரண அறை வெப்பத்திலேயே அது ஆவியாகிக்கொண்டிருக்கும். அந்த ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சோடு உள்ளே போனால் ஐந்தில் நான்கு பங்கு உடலிலேயே தங்கிவிடுகிறது, ரத்தத்தோடு மூளைவரை போகிறது. தொப்பித் தொழிலாளி வருடக்கணக்கில் அதைச் சூடாக்கிச் சுவாசித்தார்.

அப்புறம் என்ன ஆகும்? 1860-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஜே. அடிசன் ஃப்ரீமன் என்ற மருத்துவர், தொப்பித் தொழிலாளிகளின் பாதரச நோய் பற்றி மாநில மருத்துவச் சங்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதினார். ஈறுகளில் புண், ஆடும் பற்கள், வாய் நாற்றம், நிற்காமல் ஊறும் எச்சில், கைகளில் நடுக்கம். எதையோ எடுக்கக் கையை நீட்டும்போது இந்த நடுக்கம் அதிகமாகும். கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோவது, சட்டைப் பொத்தான் போடுவது, கையெழுத்துப் போடுவது எல்லாம் சிரமமாகும். பாதரச நோயாளிகளின் கையெழுத்து மாதிரிகளைப் பழைய மருத்துவ நூல்களில் அச்சிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்தும் ரம்பப் பல் போல இருக்கும். தன் பெயரை ஒழுங்காக எழுத அவர் எத்தனை முயன்றிருப்பார் என்று அந்தக் கோடுகளில் தெரிகிறது.

மனத்தில் வரும் மாற்றத்துக்கு மருத்துவத்தில் ‘எரெதிசம்’ என்று பெயர். நம் உவமை சறுக்கும் இடம் இதுதான். எரெதிசத்தின் முக்கிய அடையாளம் கூச்சம், அதுவும் சாதாரணக் கூச்சம் இல்லை. முன்பு கலகலப்பாக இருந்தவர் ஆட்களைக் கண்டால் ஒதுங்குவார். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் கை இன்னும் நடுங்கும், வேலை ஓடாது. மேற்பார்வையாளர் பின்னால் வந்து நின்றால் கையிலிருப்பதைப் போட்டுவிடுவார். தன்னம்பிக்கை போய்விடும். தூக்கம் கெடும், ஞாபகம் தவறும். சின்ன விஷயத்துக்கும் முகம் சிவக்கும், எரிச்சல் வரும், எரிச்சல்பட்டதற்காகக் குற்ற உணர்வும் வரும். முடிந்தால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்கவே விரும்புவார். வெளியே வந்து ஊரைக் கூட்டிக் கூத்தடிக்கிற நோய் இல்லை இது. பாதிக்கப்பட்டவரை மறையச் செய்கிற நோய்.

1983-ல் எச். ஏ. வால்ட்ரன் என்ற தொழில்சார் நோய் நிபுணர், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் கிறிஸ்துமஸ் இதழில் இதையேதான் சுட்டிக்காட்டினார். கரோலின் தொப்பிக்காரர் விருந்தாளியிடம் விடை இல்லாத புதிர் போடுகிறார், குறுக்கே பேசுகிறார், எல்லோர் கவனத்தையும் தன் பக்கம் இழுக்கிறார். கூச்சம் துளியும் இல்லை. ஆகவே அவருக்குப் பாதரச நோய் இருந்திருக்க வாய்ப்பில்லை என்றார் வால்ட்ரன்.

அவர் சொன்னது தேநீர் விருந்துக்குப் பொருந்தும். ஆனால் அந்தப் பாத்திரம் கதையில் இன்னொரு முறை வருகிறது. அந்தக் காட்சியை மறந்துவிடுகிறோம் என்பது என் ஆதங்கம். பதினொன்றாம் அத்தியாயம், நீதிமன்றம். ஒரு கையில் தேநீர்க் கோப்பை, மறு கையில் வெண்ணெய் தடவிய ரொட்டியோடு சாட்சி சொல்ல வருகிறார். தொப்பியைக் கழற்று என்கிறார் ராஜா. இது என்னுடையது இல்லை என்கிறார். அப்படியானால் திருட்டு என்கிறார் ராஜா. விற்பதற்காக வைத்திருக்கிறேன், எனக்கென்று சொந்தமாக ஒன்றும் இல்லை, நான் தொப்பிக்காரர் என்று பதில் சொல்கிறார். ராணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்க்கவும் முகம் வெளிறுகிறது. பதறாமல் சாட்சி சொல், இல்லையென்றால் இங்கேயே தலையை எடுத்துவிடுவேன் என்று ராஜா ‘தைரியம்’ சொல்கிறார். குழப்பத்தில் ரொட்டிக்குப் பதில் கோப்பையைக் கடித்துவிடுகிறார். நடுக்கம் முற்றி இரண்டு காலணிகளும் கழன்று விழுகின்றன. நான் ஏழை, மகாராஜா என்று ஒரு காலை மடித்து மண்டியிடுகிறார். போகலாம் என்றதும் காலணியைப் போடக்கூட நிற்காமல் ஓடுகிறார்.

கரோல் பாதரச நோயாளி ஒருவரைப் பார்த்துத்தான் இதை எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. தலையை வெட்டுவேன் என்றால் யாருக்கும்தான் கை நடுங்கும். ஆனாலும், யாரோ உற்றுப் பார்க்கும்போது கூடும் நடுக்கம், வெளிறும் முகம், குழப்பம், ஓடி ஒளியும் அவசரம் என்று ஃப்ரீமன் போன்ற மருத்துவர்களின் குறிப்பேட்டில் இருக்க வேண்டியவை ஒவ்வொன்றும் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. எல்லா ஊர் மேடைகளிலும் திரைகளிலும் விருந்துத் தொப்பிக்காரர்தான் திரும்பத் திரும்ப வருகிறார். கூண்டில் நின்றவரை யாருக்கும் ஞாபகமில்லை.

ஆலிஸ் கதை வெளியான அதே 1865-ல் அமெரிக்காவில் நிஜமான ஒரு தொப்பித் தொழிலாளி உலகப் புகழ் பெற்றார். பெயர் பாஸ்டன் கார்பெட். கரோல் பிறந்த அதே 1832-ல், அதே இங்கிலாந்தில் பிறந்தவர். சிறுவயதில் அமெரிக்கா போய், நியூயார்க் மாநிலத்து ட்ராய் நகரில் தொப்பித் தொழிலைக் கற்றார். மனைவி பிரசவத்தில் இறந்த பிறகு குடி, பிறகு தீவிர மதப்பற்று. 1858-ல், பெண்ணாசை தன்னை வழி தவறச் செய்யக் கூடாது என்று கத்தரிக்கோலால் தன்னைத் தானே காயடித்துக்கொண்டார். உள்நாட்டுப் போரில் குதிரைப்படையில் சார்ஜெண்ட் ஆனார். ஆபிரகாம் லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத்தை 1865 ஏப்ரல் 26 அன்று வர்ஜீனியாவில் ஒரு புகையிலைக் கிடங்கில் சுற்றி வளைத்தபோது, உயிரோடு பிடிக்க வேண்டும் என்ற உத்தரவை மீறி, பலகை இடுக்கு வழியாகச் சுட்டவர் இவர்தான். கடவுள் சொன்னதாகச் சொன்னார். போர் முடிந்ததும் தொப்பி வேலைக்கே திரும்பினார். எல்லோரும் தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்ற பயம் முற்றிக்கொண்டே போனது. 1887-ல் கன்சாஸ் சட்டசபையில் வாயிற்காவலர் வேலை கிடைத்தது, அங்கே துப்பாக்கியை நீட்டியதால் மனநலக் காப்பகத்தில் அடைத்தார்கள். மறு வருடம் ஒரு குதிரையில் ஏறித் தப்பிப் போனவர் பிறகு கண்ணில் படவில்லை.

கார்பெட்டின் மனநிலைக்குப் பாதரசம்தான் காரணம் என்று எழுதுகிறவர்கள் பலர். இருக்கலாம். நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, உடலும் கிடைக்காத ஒருவருக்கு நோய்ப்பெயர் சூட்டுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. அவருடைய துக்கமும் பக்தியும் போரும் சேர்ந்ததுதான் அவர் மனம். அவரைப் போலப் பேர் எடுக்காமல், கை நடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன ஆயிரக்கணக்கானவர்களைப் பற்றி நமக்குச் சந்தேகமில்லாமல் தெரிகிறது. அவர்களைப் பார்க்க டேன்பரிக்குப் போக வேண்டும்.

கனெக்டிகட் மாநிலத்து டேன்பரி நகரில் 1780-ல் சேடக் பெனடிக்ட் என்பவர் தொப்பிப் பட்டறை வைத்தார். நூறு வருடத்தில் ஊரே தொப்பியாகிவிட்டது. 1880-களின் இறுதியில் சுமார் 30 தொழிற்சாலைகள், வருடத்துக்கு 50 லட்சம் தொப்பிகள். தெருவில் கை நடுங்கிக்கொண்டு போகிறவரைப் பார்த்தால் யாருக்கும் ஆச்சரியமில்லை. நோய்க்கே ‘டேன்பரி ஷேக்ஸ்’ என்று ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. நடுக்கத்தைக் குடியின் மேல் போடுவது வெளியாட்களுக்குச் சுலபமாக இருந்தது. தொழிலாளிகளுக்கோ அது தொழிலோடு வந்த தலையெழுத்து. ஒரு நோய்க்கு ஊரின் பெயரே வைக்கிற அளவுக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தும் அது தொடர்ந்தது என்பதுதான் என்னால் ஜீரணிக்க முடியாதது.

அந்த ஊர்த் தொழிலாளிகள் போராடாதவர்கள் இல்லை. 1902-ல், சங்கத்தை ஏற்க மறுத்த ஒரு முதலாளியின் தொப்பிகளை வாங்க வேண்டாம் என்று சங்கம் நாடு முழுக்கப் பிரசாரம் செய்தது. முதலாளி வழக்குப் போட்டார். ‘டேன்பரி ஹேட்டர்ஸ் வழக்கு’ என்று அமெரிக்கச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். 1908-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் புறக்கணிப்பு சட்டவிரோதம் என்றது. 1915-ல், நஷ்ட ஈட்டைச் சங்கத்தின் சாதாரண உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தங்கள் சொத்திலிருந்து கொடுக்க வேண்டும் என்றது. 200-க்கும் மேற்பட்டவர்களின் வீடும் வங்கிச் சேமிப்பும் முடக்கப்பட்டன. வாழ்நாளெல்லாம் அந்த ஆவியைச் சுவாசித்துச் சேர்த்த வீடுகள் அவை. அத்தனை வருடம் நடந்த வழக்கு பாதரசத்தைப் பற்றியது இல்லை. கூலி, சங்கம், புறக்கணிப்பு, வட்டி, இவைதான்.

1930-களின் பிற்பகுதியில்தான் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை கனெக்டிகட் தொப்பி ஆலைகளில் காற்றை அளந்து, தொழிலாளிகளைப் பரிசோதித்து அறிக்கை வெளியிட்டது. 1941 டிசம்பர் 1-ல் பாதரசக் கேரட்டிங் நிறுத்தப்பட்டது. போருக்காக வெடிகுண்டுத் தூண்டிகளில் பாதரசம் தேவைப்பட்டதும் இதற்கு உதவியது என்பார்கள். அதற்குப் பதில் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த கரைசல் வந்தது, தொப்பியும் நன்றாகவே வந்தது. ஃப்ரீமன் எழுதியதற்கும் இதற்கும் நடுவே 81 வருடம். டேன்பரி வழியாக ஓடும் ஸ்டில் ஆற்றின் வண்டலில் அந்தப் பாதரசம் இன்னும் கிடக்கிறது, வெள்ளம் வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலை நோக்கி நகர்கிறது.

தொப்பி மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். கண்ணாடிக்கு ரசம் பூசியவர்களைப் பற்றி இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி 1700-லேயே எழுதினார். ஜெர்மனியின் ஃபூர்த் நகரக் கண்ணாடித் தொழிலாளிகளைப் பார்த்து குஸ்மௌல் என்ற மருத்துவர் 1861-ல் எழுதிய புத்தகத்தில்தான் எரெதிசத்தின் தெளிவான சித்திரம் இருக்கிறது. 1949-ல் லான்செட் இதழில் வந்த கட்டுரை இங்கிலாந்துப் போலீஸ்காரர்களைப் பற்றியது. கைரேகை எடுக்கப் பயன்படுத்திய சாம்பல்நிறப் பொடியில் பாதரசம் இருந்தது. துப்புத் துலக்கப் போனவர்களுக்கு நடுக்கம் வந்துவிட்டது.

நமக்குத் தூரத்து ஊர்க் கதையாகவும் இது நின்றுவிடவில்லை. நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் மூடப்பட்ட ஒரு வெப்பமானி ஆலை 1980-களில் இயந்திரங்களோடு கொடைக்கானலுக்கு வந்தது. பாம்பார் சோலைக்கு மேலே, மலைச்சரிவில் ஆலை. உள்ளூர் ஆண்களும் பெண்களும் வேலைக்குப் போனார்கள். கண்ணாடிக் குழாய்களில் பாதரசம் நிரப்பி, சூடாக்கி, மூடி, பெரும்பாலும் வெளிநாடுகளுக்கே அனுப்பினார்கள். 2001-ல், மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கிடங்கில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு குவிந்து கிடப்பதை ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் வெளிக்கொண்டு வந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளிகள் பதினைந்து வருடம் போராடினார்கள். 2016-ல் 591 பேருக்கு மனிதாபிமான அடிப்படையில் உதவித்தொகை என்ற உடன்பாடு வந்தது. ஆலையால் தொழிலாளிகளின் உடல்நலம் கெட்டது என்பதை நிறுவனம் ஏற்கவில்லை, தொழிலாளிகளும் தங்கள் பேச்சிலிருந்து இறங்கவில்லை.

ஆலை நின்ற மண்ணைச் சுத்தம் செய்யும் வேலைக்கு, ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம்வரை பாதரசம் மிச்சமிருக்கலாம் என்று அளவு வகுத்தார்கள். அது அதிகம் என்று கொடைக்கானலில் எதிர்ப்பு எழுந்தது. அங்கிருந்து சரியும் மண் சோலைக்குள் இறங்கும், பாம்பாற்றில் கலக்கும், ஆறு வைகைக்குப் போகும். நீரடி மண்ணில் தங்கும் பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசம் என்ற நச்சுப் பொருளாக மாற்றும், அது மீன்களில் சேரும். அளவைக் குறைக்கச் சொல்லிக் கேட்டவர்கள் பக்கம்தான் நான்.